வால் மட்டும் வந்த குதிரைகள்

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் ஒருநாள் முற்பகலில் நடந்துகொண்டிருந்தோம். இருமருங்கும் பழைய பண்டகசாலைகள். மிளகும் சுக்கும் ஏலமும் கலந்த மணம். சந்துகளின் முடிவில் காயல்நீரின் பளபளப்பு. பாண்டிநாட்டிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவரின் மிளகுக்கடையில் சற்றே அமர்ந்தோம். ஊர்ச் செய்திகளும் மழைச் செய்திகளும் பேசி முடிந்தபின், அவர் தயங்கித் தயங்கி ஒரு வினாவை எழுப்பினார்.

“ஐயா, என் பேரன் பள்ளியில் படித்துவிட்டு வந்து கேட்கிறான். பாண்டியர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகளை வாங்கினார்களாம்; வைத்துப் பேணத் தெரியாமல் அத்தனையையும் கொன்றுவிட்டார்களாம். வகுப்பில் பிள்ளைகள் அவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். நம் முன்னோர்கள் அவ்வளவு அறியாதவர்களா?”

பிறமொழி பேசுவோர் நடுவே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இத்தகைய வினாக்கள் புதியன அல்ல. அன்று நாம் சொன்ன மறுமொழி அரைகுறையானது. வீடு திரும்பி நூல்களைப் புரட்டியபின், அவருக்குச் சொல்ல வேண்டியதை முறையாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதுவே இப்பேச்சு.

முதற்கண் இடத்தைப் பற்றி ஒரு சொல். நாம் அமர்ந்திருந்த மட்டாஞ்சேரியும் அதை அடுத்த கொச்சித் துறையும் குதிரையால் வளர்ந்தவை அல்ல, மிளகால் வளர்ந்தவை. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து, பழைய முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சியின் கடல்வாயை அகலத் திறந்துவிட்டது என்பது வரலாற்று ஆசிரியர் பலரும் ஒப்புக்கொண்ட செய்தி. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, பாரசீக வளைகுடாவிலிருந்து புறப்பட்ட குதிரைக் கப்பல்கள் இந்த மலையாளக் கரையை ஒட்டியே தெற்கே ஓடிக் குமரியைச் சுற்றித் தாமிரபரணியின் கழிமுகத்தில் இருந்த காயல் துறையை அடைந்தன. ஆகவே கொச்சி அவ்வாணிகத்தை இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த கரை எனலாம். ஆயினும் மலைநாட்டார் அதில் பங்கே கொள்ளவில்லை என்று எண்ணிவிடலாகாது. சோழ, பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச்செட்டிகள் பலர் காணப்படுகின்றனர். கோயிலுக்கு விளக்கும் கொடையும் வைத்த அவ்வணிகர்கள் தம் ஊர்ப் பெயரோடு தொழிற்பெயரையும் பெருமையாகவே பொறித்துச் சென்றிருக்கின்றனர்.

இனி வழக்குக்கு வருவோம். வழக்கு என்றே சொல்லலாம். குற்றம் சாட்டியவர்கள் இருவர்.

ஒருவர் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ. சீனத்திலிருந்து தாயகம் திரும்பும் வழியில், 1292-93ஆம் ஆண்டுகளை ஒட்டி, அவர் பாண்டிநாட்டுக் கரையைக் கண்டார். அந்நாட்டை ஐந்து உடன்பிறந்த அரசர்கள் ஆண்டனர் என்றும், அவருள் சுந்தர பாண்டியன் ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரைகளுக்கு மேல் வாங்கினான் என்றும், மற்ற நால்வரும் அவ்வாறே வாங்கினர் என்றும் அவர் எழுதுகிறார். ஆர்மசு, கீசு, தோஃபார், ஷிஹ்ர், ஏடன் ஆகிய துறைகளின் வணிகரே குதிரைகளைக் கொணர்ந்தனர். ஒரு குதிரையின் விலை வெள்ளி நாணயக் கணக்கில் நூறு மார்க்குக்கும் மேல். ஆண்டு முடிவில் எஞ்சியவை நூறுகூட இல்லை! காரணம், அந்நாட்டில் குதிரை மருத்துவர் இல்லை என்கிறார். அதோடு நில்லாமல், வணிகர்கள் வேண்டுமென்றே குதிரை மருத்துவர் எவரையும் அங்கே செல்லவிடுவதில்லை, குதிரைகள் மடிவதே அவர்களுக்கு ஆதாயம் என்றும் சேர்த்துச் சொல்கிறார். சோற்றோடு இறைச்சியையும் சமைத்துக் குதிரைக்கு ஊட்டினர் என்பதும், உயர்ந்த சாதிக் குதிரைக்கும் உயர்ந்த பெட்டைக்கும் அந்நாட்டில் பிறந்த குட்டி கால் கோணிச் சவாரிக்கு உதவாததாய்ப் போயிற்று என்பதும் அவருடைய கூற்றுகளே.

மற்றவர் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர். கீசுத் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைத் தம் லாயங்களிலிருந்தே அனுப்புவதென்றும், குதிரை ஒன்றுக்குச் செம்பொன் தினார் 220 என்றும் உடன்படிக்கை இருந்ததாக அவர் குறிக்கிறார். அவருடைய தம்பி தகியுத்தீன் பாண்டிய அரசவையில் உயர் பதவி வகித்தவர். இன்னும் முந்திய காலத்தில், பாரசு நாட்டை அபூபக்கர் ஆண்டபோது, காயலும் காம்பேயும் உள்ளிட்ட துறைகளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் சென்றன. அவற்றின் விலை 22 லட்சம் தினார். அத்தொகை கோயில் நிலங்களின் வருவாயிலிருந்தும் தேவரடியார் வரியிலிருந்தும் கொடுக்கப்பட்டது என்கிறார். பத்தாயிரத்தை 220ஆல் பெருக்கிப் பார்த்தால் தொகை சரியாகவே வருகிறது. எண்ணிக்கையை அவர் உயர்த்திச் சொல்லியிருக்கக்கூடும். ஆனால் கணக்குப் பிழைக்கவில்லை.

குதிரைகள் வந்து சேர்ந்தபின் என்ன ஆயின என்பதை வஸ்ஸாப் வியப்போடு விவரிக்கிறார். பச்சை வாற்கோதுமை கொடுப்பதற்கு மாறாக வறுத்த வாற்கோதுமையும், நெய்யிட்டுச் சமைத்த தானியமும், குடிக்கக் காய்ச்சிய பசுவின்பாலும் கொடுத்தனர். கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் லாயத்திலே முளையடித்துக் கயிற்றால் கட்டி வைத்தனர். அதன்பின் பழக்குதல் ஏதுமின்றி, அங்கவடி முதலிய துணைக்கருவிகளும் இன்றி, வீரர்கள் பேய்போல் ஏறி ஓட்டினர். சில காலத்திலேயே வலிமையும் விரைவும் வாய்ந்த புரவிகள் மெலிந்து, மந்தமாகி, ஒன்றுக்கும் உதவாமற் போயின. ஆதலால் ஆண்டுதோறும் புதுக்குதிரை வாங்க வேண்டியதாயிற்று.

இவ்விரு சாட்சிகளையும் எவ்வளவு நம்பலாம்? உணவைப் பற்றிய கூற்றில் இருவரும் ஒத்துப்போகவில்லை; ஒருவர் சோறும் இறைச்சியும் என்கிறார், மற்றவர் பாலும் நெய்யும் என்கிறார். போலோ துறைமுகங்களில் வணிகர் வாயிலாகக் கேட்டதைச் சொன்னவர்; வஸ்ஸாப் விற்றவர் நாட்டிலிருந்து எழுதியவர். விற்றவன் வாங்கியவனைப் பழிப்பது உலகியல்பு. ஆயினும் ஒரு செய்தியில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்: வந்த குதிரைகள் நிலைக்கவில்லை. ஒருவரையொருவர் அறியாத இரு சாட்சிகள் ஒன்றுபடும் இடத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. நம் நாட்டுக் கதை மரபும் அதற்கு ஒருவாறு துணை நிற்கிறது. பாண்டியன் கொடுத்த பொருளைக் கொண்டு குதிரை வாங்கச் சென்ற மணிவாசகர் கதையைத் தமிழர் அனைவரும் அறிவர். நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்தன. இரவில் மீண்டும் நரிகளாகி, லாயத்தில் முன்பிருந்த குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. இறைவன் திருவிளையாடலைச் சொல்ல வந்த கதை அது. அதை வரலாறாக்கும் நோக்கம் நமக்கில்லை. என்றாலும், பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகள் விடிவதற்குள் இல்லாமற்போகும் என்னும் அச்சம் அக்கதையைக் கேட்ட மக்களுக்கு அந்நியமாக இருந்திராது என்று கருதுகிறோம்.

குதிரைகள் ஏன் சோர்ந்தன? இன்று ஓட்டப்பந்தயக் குதிரையொன்று முன்போல் ஓடவில்லை என்று மருத்துவரிடம் கொண்டுவந்தால், அவர் சவுக்கைப் பற்றியோ சோம்பலைப் பற்றியோ பேசமாட்டார். முதலில் அதன் கதையைக் கேட்பார்: எப்போது முதல், என்ன தீனி, எவ்வளவு வேலை, எங்கிருந்து வந்தது. பின்பு கடினமான தரையில் நடத்தியும் ஓட்டியும் கால்களைப் பார்ப்பார். பெரும்பாலான குறைகள் காலிலும் குளம்பிலுமே இருக்கின்றன. இதயத்தின் ஓசையைக் கேட்பார். மூக்கின் வழியே ஒளிக்குழலைச் செலுத்திக் குரல்வளையையும் மூச்சுக்குழலையும் நோக்குவார். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் குருதி எடுத்து, தசை சிதையும்போது கசியும் நொதிகளின் அளவை ஒப்பிடுவார். நின்றபடி எல்லாம் சரியாக இருந்து, ஓடும்போது மட்டும் குறை தோன்றுமானால், சுழலும் பட்டையின்மேல் குதிரையை ஓடவிட்டே சோதிப்பார். ஒரே குதிரையில் இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்திருப்பதும் உண்டு. இந்த முறையை எழுநூறு ஆண்டுக்கு முந்திய காயல் லாயத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம். குருதியும் இல்லை, குதிரையும் இல்லை. கதை மட்டும் இருக்கிறது. எனினும் நல்ல மருத்துவருக்குக் கதையே பாதி.

கதை காயலில் தொடங்கவில்லை, கப்பலில் தொடங்குகிறது. ஆர்மசுத் துறையின் மரக்கலங்களைப் பற்றிப் போலோவே எழுதியிருக்கிறார். இரும்பாணி இன்றித் தென்னை நார்க்கயிற்றால் தைக்கப்பட்டவை, மேல்தளம் இல்லாதவை, சரக்கை ஏற்றி அதன்மேல் தோலை விரித்து, அந்தத் தோலின்மேல் குதிரைகளை நிறுத்தி இந்தியாவுக்குக் கொணர்ந்தனர். வாரக்கணக்கில் வெயிலிலும் உப்புக்காற்றிலும், காலூன்ற உறுதியான தரையின்றி அவை வந்தன. அத்தகைய பயணத்தில் குதிரையின் தலையைத் தாழவிடாமல் உயர்த்திக் கட்டியிருப்பர் என்று எண்ண இடமுண்டு. தலையைத் தாழ்த்த இயலாத குதிரை மூச்சுக்குழலில் சேரும் சளியை வெளியேற்ற முடியாமல் நுரையீரல் அழற்சிக்கு ஆளாகிறது என்பதை, லாரியிலும் விமானத்திலும் குதிரைகளை ஏற்றிச் செல்லும் இக்காலத்தில் நன்கு அறிந்துள்ளனர். குதிரைக்கு மூச்சு மூக்கின் வழியே மட்டும். வாயால் மூச்சுவிட அதனால் இயலாது. பாய்ந்தோடும்போது ஓர் எட்டுக்கு ஒரு மூச்சு என்று கணக்காக ஓடும் விலங்கு அது. விரைந்தோடும் பந்தயக் குதிரை நிமிடத்துக்கு 1,500 லிட்டருக்கும் மேலான காற்றை உள்வாங்குகிறது. நுரையீரலில் சிறு வடு இருந்தாலும் போர்க்களத்தில் அது வெளிப்பட்டுவிடும். ஆகவே காயலில் இறங்கிய குதிரைகளில் எத்தனையோ, பாண்டியன் வீரன் ஏறுமுன்பே பாதி கெட்டவை என்று கொள்வதில் தவறில்லை.

அடுத்தது உணவு. குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு மிகச் சிறியது; பெருங்குடலோ பெரிய புளிப்பறை போன்றது; புல்லை நாள்முழுதும் சிறிது சிறிதாக மென்று, அங்கே நுண்ணுயிர்களால் செரிக்கவைப்பதே அதன் அமைப்பு. அதற்கு வாந்தி எடுக்கும் ஆற்றலும் இல்லை. சமைத்த தானியத்தை ஒரேயடியாகக் கொட்டினால், மாப்பொருள் செரியாமல் பெருங்குடலுக்குள் இறங்கிப் புளித்து அமிலமாகும். வயிற்றுநோவு வரும், அதைவிடக் கொடியதாகக் குளம்பின் உட்படலம் அழன்று, குதிரை தன் கால்மேல் நிற்கவே அஞ்சும். பரிவால் ஊட்டிய உணவே விலங்கை முடமாக்கியிருக்கும். பாலும் நெய்யும் கொடுத்தவன் பகைவன் அல்லன். வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதைக் கொடுத்தவன். கோணற்காற் குட்டிகளுக்கும் இங்கேயே காரணம் தேடலாம். தவிட்டிலும் தானியத்திலும் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணச்சத்துக் குறைவு. அவற்றையே பெரும்பாலும் தின்னும் குதிரையின் எலும்பு மெலிகிறது. கொள்ளைப் பற்றிப் போலோவும் வஸ்ஸாபும் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்று பழமொழி வழங்கும் நாட்டில், பிற்காலத்துக் குதிரைக்காரர்கள் கொள்ளையும் புல்லையும் கொண்டே குதிரை வளர்த்தனர். பட்டறிவு மெல்ல வந்திருக்கிறது.

மூன்றாவது, அந்த நாற்பது நாள். வஸ்ஸாபின் கூற்று முழுவதிலும் நமக்கு மிகவும் உண்மையாகத் தோன்றுவது இதுவே. ஏனெனில் அவர் அறியாமலே ஒரு நோயின் வரலாற்றை எழுதிவிட்டார். ஐரோப்பாவில் பாரவண்டி இழுத்த குதிரைகள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் முழுத்தீனியும் தின்றுவிட்டுத் திங்கட்கிழமை நுகத்தடியில் பூட்டிய சிறிது நேரத்தில் வியர்த்து, பின்னங்கால் விறைத்து, காப்பி நிறத்தில் சிறுநீர் கழித்து விழுந்தன. அங்கே அதற்குத் ‘திங்கட்கிழமை நோய்’ என்றே பெயர். தசைநார்கள் சிதைந்து அவற்றின் நிறப்பொருள் சிறுநீரகத்தில் இறங்குவதே அந்நோய். ஒருநாள் ஓய்வுக்கே அக்கேடு என்றால், நாற்பது நாள் முளையில் கட்டுண்டு கொழுத்த குதிரையை ஒரே நாளில் பேய்போல் ஓட்டினால் என்ன ஆகும்! நுரையும் தசையும் எலும்பும் வாரக்கணக்கில் படிப்படியாகப் பழகியே ஓட்டத்துக்குத் தகுதி பெறுகின்றன. இந்தக் குற்றத்தில் நம் முன்னோரைத் தப்பவைக்க நமக்கு வழி தெரியவில்லை.

நான்காவது காரணத்தில் எவரும் குற்றவாளி அல்லர். அது காற்றின் ஈரம். குதிரை தன் உடற்சூட்டைப் பெரிதும் வியர்வையாலேயே தணிக்கிறது. கடும் ஓட்டத்தில் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேலும் வியர்க்கும். அரபுநாட்டின் உலர்காற்றில் அவ்வியர்வை உடனே ஆவியாகும். காயலிலோ கொச்சியிலோ அது தோலிலேயே வழிந்தோடும், சூடு தணியாது. சில மாதங்களில் சில குதிரைகள் வியர்ப்பதையே நிறுத்திவிடுகின்றன. வெள்ளையர் ஆட்சியில் இங்கிலாந்திலிருந்தும் பிற குளிர்நாடுகளிலிருந்தும் வந்த குதிரைகளிடம் இந்நோயைக் கண்டு, ‘உலர்ந்த தோல்’ என்று அதற்குப் பெயரிட்டனர். அத்தகைய குதிரை நிழலில் நின்றாலும் இளைக்கும், ஓட்டினால் விழும். மட்டாஞ்சேரியில் சித்திரை மாதத்துப் பிற்பகலில் ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஈக்களையும் கொசுக்களையும் விட்டுவிடலாகாது. மழைக்காலத்தை ஒட்டிப் பெருகும் கடியீக்கள் ‘சர்ரா’ என்னும் நோயைப் பரப்புகின்றன. விட்டுவிட்டுக் காய்ச்சல், வீங்கிய கால்கள், நாள்தோறும் மெலிவு, பின்பு சாவு. மற்றொன்று ‘கும்ரி’. வட இந்தியக் குதிரைக்காரர்கள் வைத்த பெயர் அது. இடுப்புத் தளர்ந்து பின்னங்கால்கள் தள்ளாடும். மாட்டின் வயிற்றறையில் தீங்கின்றி வாழும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகள், கொசுவின் வழியே குதிரையின் உடலுள் புகுந்து, வழிதவறித் தண்டுவடத்தில் அலைவதால் அது நேர்கிறது. மாட்டுக் கொட்டிலும் குதிரை லாயமும் அடுத்தடுத்து இருந்த ஊர்களில் இதைத் தவிர்ப்பது அரிது. பாலூட்டிக் குதிரை வளர்த்தவர்களின் லாயத்துக்குப் பக்கத்தில் பசுக்கள் எத்தனை நின்றிருக்கும்!

இவற்றையெல்லாம் அக்காலத்தார் அறியாதது குற்றமாகாது; உலகில் எவரும் அறியவில்லை. போலோ சொன்னபடி குதிரை மருத்துவம் என்பதே இந்நாட்டில் இல்லாமலும் இல்லை. சாலிஹோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் வழங்கும் வடமொழிக் குதிரை நூல்கள் பழமையானவை. சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசமும் குதிரையைப் பற்றிப் பேசுகிறது. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் வண்ணப் படங்களோடு கூடிய குதிரைச் சுவடி இருப்பதைப் பலர் கண்டிருப்பர். நகுலனின் அசுவசாத்திரம் அந்நூலகத்தின் வாயிலாக 1952இல் அச்சேறிற்று. ஆனால் ஏட்டில் இருந்த அறிவு லாயத்துக்கு எவ்வளவு வந்தது என்பதே கேள்வி. சுழி பார்த்து நல்ல குதிரையையும் கெட்ட குதிரையையும் பிரிக்கும் இலக்கணத்துக்கு அந்நூல்கள் கொடுத்த இடத்தைப் பார்த்தால், வாங்குவதற்கு முன் காட்டிய கவலை வாங்கிய பின் காட்டப்பட்டதா என்ற ஐயம் எழவே செய்கிறது.

அந்த ஐயத்தை வலுவாக்கும் செய்தி ஒன்று வஸ்ஸாபிடமே உள்ளது. வழியில் குதிரைகள் இறந்துபோனாலும் அவற்றின் விலையை அரசுப் பண்டாரமே கொடுத்தாக வேண்டும் என்பது உடன்படிக்கையின் ஒரு கூறு! இருநூறு ஆண்டுகளுக்குப் பின் விசயநகரத்தில் இதே வழக்கம் இன்னும் வெளிப்படையாகத் தலைகாட்டுகிறது. 1535ஆம் ஆண்டையொட்டி எழுதிய போர்ச்சுக்கீசியக் குதிரை வணிகர் பெர்னாவ் நூனிசு, 1485 முதல் 1491 வரை ஆண்ட சாளுவ நரசிம்மனைப் பற்றிக் கூறுவது இது: ஆர்மசிலிருந்தும் ஏடனிலிருந்தும் வந்த குதிரைகளை, வணிகர் கேட்ட விலைக்கே, உயிரோடு இருந்தாலும் இறந்திருந்தாலும், மூன்றுக்கு ஆயிரம் பர்தாவ் என்று அவன் வாங்கினான். கடலில் இறந்தவற்றுக்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும். உயிருள்ள குதிரையின் விலை கிடைத்தது.

பகைவரிடம் குதிரைகள் போய்விடக்கூடாது என்பதற்காக மன்னன் வணிகரைத் தன்பால் ஈர்க்கச் செய்த ஏற்பாடு இது. அரசியல் நோக்கில் பித்தன் செயல் அன்று. வடக்கே பாமினி சுல்தான்களின் குதிரைப்படை காத்திருந்தது. பாண்டியருக்கும் அவ்வாறே நெருக்கடி இருந்தது. ஆயினும் அந்த ஏற்பாட்டில் மறைந்த கேடு பெரிது. கப்பலில் நீரும் நிழலும் கொடுத்துக் குதிரையைக் காப்பாற்ற வணிகனுக்கு என்ன தேவை? செத்தாலும் விலை, பிழைத்தாலும் விலை. அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. வால் வந்தது, உடல் கடலில் போயிற்று. நுரையீரல் அழுகியதா, குடல் முறுக்கியதா, நீரின்றி நா வறண்டதா என்பதை எந்த மருத்துவன் வாலைப் பார்த்துச் சொல்வான்? பண்டாரத்துக் கணக்கன் வாலை எண்ணினான், பொன்னை எண்ணினான். ஏன் செத்தது என்ற ஒரு பத்தி அவன் ஏட்டில் இல்லை. அச்சுதராயன் காலத்தில் ஆண்டுக்குப் பதின்மூவாயிரம் குதிரைகள் வாங்கப்பட்டன என்று அதே நூனிசு சொல்கிறார். அதற்கு முன்பே, 1510இல், கோவாவைக் கைப்பற்றிய அல்புகர்க்கு குதிரைக் கப்பல்கள் அத்துறைக்கே வரவேண்டும் என்று வற்புறுத்தியதும் இந்தப் பொன்னுக்காகத்தான்.

கொச்சி மன்னர்கள் இப்பொருளைச் செலவிடாமல் தப்பினர். அவர்கள் கூரறிவால் தப்பினர் என்று சொல்வது முகமன். நிலம் அவர்களைத் தப்பவைத்தது. காயலும் ஆறும் சேறும் வரப்புமாகிய நாட்டில் போர் காலாளாலும் ஓடத்தாலும் நடந்தது. 1766இல் ஐதர் அலியின் குதிரைப்படை மலபாரில் புகுந்தபோது, குதிரைகளைக் கண்டு பழகாத நாயர் வீரர்கள் முதலில் நிலைகுலைந்தனர். மழை தொடங்கியதும் நிலைமை மாறிற்று. கலகத்தை அடக்க ஐதர் விரைந்தபோது, குதிரைகளைச் சேணமின்றியே ஓட்டச் செய்தார் என்று அவரிடம் பணியாற்றிய பிரெஞ்சு அதிகாரி ஒருவர் எழுதியுள்ளார். நனைந்த சேணத்தின் சுமையும் புண்ணும் அவ்வளவு பெரிய இடர். கொச்சிக்கு வடக்கே திருவிதாங்கூரார் எழுப்பிய நெடுங்கோட்டை மதிலையும் அகழியையும் 1789 டிசம்பரில் திப்புவின் படை தாக்கித் தோற்றது. அடுத்த ஆண்டு அதை உடைத்து உள்ளே வந்தும், மழைக்காலமும் ஆங்கிலேயருடன் மூண்ட போரும் சேர்ந்து திருப்பியனுப்பின.

குதிரையின் குருதியை உண்மையாகவே உற்றுப் பார்க்கும் காலம் 1880இல் வந்தது. பஞ்சாபின் தேரா இசுமாயில் கான் என்னும் ஊரில், படைக் குதிரைகளும் ஒட்டகங்களும் சர்ராவால் மடிந்துகொண்டிருந்தன. கிரிபித் எவான்சு என்ற கால்நடை மருத்துவர் நோயுற்ற விலங்குகளின் குருதியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அதில் நெளியும் ஒட்டுண்ணியைக் கண்டார்; அதுவே நோயின் காரணம் என்றார். மேலதிகாரிகள் அதை முதலில் ஏற்கவில்லை. இன்று அவ்வுயிரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அதற்குப் பின் சென்னை வேப்பேரியில் 1903இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. கேரளத்தில் மண்ணுத்திக் கல்லூரி 1955இல் தோன்றிற்று. குதிரைக்கென்றே ஒரு தேசிய ஆய்வு நிலையம் அரியானாவின் ஹிசாரில் 1985இல் அமைந்தது. இருந்தும் 1960இல் மேற்காசியாவிலிருந்து ஆப்பிரிக்கக் குதிரை நோய் நம் நாட்டுக்குள் புகுந்து பெருஞ்சேதம் விளைத்தது.

சில வாரங்கள் கழித்து அதே மிளகுக்கடைக்குச் சென்று, பெரியவரிடம் இவற்றைச் சொன்னோம். பேரனும் உடனிருந்தான், பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். நம் முன்னோர் குதிரையை வெறுத்துக் கொல்லவில்லை, நாற்பது நாள் கட்டிவைத்துக் கொழுக்கவிட்டது பெரும்பிழைதான், மீதியில் கடலுக்கும் காற்றுக்கும் ஈக்கும் விற்றவருக்கும் பங்குண்டு என்று சொன்னபோது பையன் தலையசைத்தான். வால் கதை வந்ததும் அவன் முகம் மலர்ந்தது.

“ஐயா, பர்தாவ் என்றால் எவ்வளவு?” என்று கேட்டார் பெரியவர்.

“பொற்காசு. நம் வராகன்தான்.”

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மிளகுக் கணக்கெழுதும் சிட்டையின் ஓரத்தில் ஆயிரத்தை மூன்றால் வகுத்தார்.

“ஒரு வாலுக்கு முந்நூற்று முப்பத்து மூன்று வராகன்,” என்று வாய்விட்டுப் படித்தார். “மீதம் ஒன்று.”

“அந்த ஒன்று யாருக்குத் தாத்தா?” என்றான் பையன்.